குழாய் போடச் சட்டம் 1962-ல் வந்தது. குழாயைக் காக்க எப்போது வந்தது?

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படித்தால் போதும். காடு தோட்டம் வைத்திருப்பவர்களும், வீட்டுமனை வாங்க நினைப்பவர்களும் அவசியம் படியுங்கள்.

விஷயம் எரிவாயுக் குழாய், எண்ணெய்க் குழாய் பற்றியது. சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். சங்ககிரிப் பக்கம் பண்ணயம் பார்க்கும் பழைய மாணவன், "சார், காட்டுக்குள்ள குழாய்க்காரங்க கல்லு நட்டிருக்காங்க, அந்த இடத்துல தென்னை வைக்கலாமா?" என்றான். நாமக்கல்லில் இருக்கும் என் மைத்துனர், "மாமா, குழாய் போற தடத்துக்குப் பக்கத்துல மனை மலிவா வருது, வாங்கலாமா?" என்று கேட்டார். நம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் இன்னொரு மாணவன், "குழாய் கேஸ் வந்துட்டா சிலிண்டர் பயம் போயிடுமா சார்?" என்றான்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பில் வரலாறும் புவியியலும் சொல்லிக் கொடுத்தவன். பொறியியலும் சட்டமும் படித்தவனில்லை. ஆனால் எந்தச் சட்டம் எந்த ஆண்டில், எதற்குப் பிறகு வந்தது என்று வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கரும்பலகையில் காலக்கோடு போடச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதே வேலைதான் இது.

முதல் புள்ளி 1934. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பெட்ரோலியச் சட்டம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் டின்னிலும் பீப்பாயிலும் வந்துகொண்டிருந்த காலம் அது. எப்படி இறக்குமதி செய்வது, எப்படிக் கொண்டுபோவது, எங்கே எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை அந்தச் சட்டம் சொன்னது. மேற்பார்வை வெடிபொருள் துறையிடம் இருந்தது. அந்தத் துறையின் தலைமையகம் இன்று நாக்பூரில் இருக்கிறது. பெட்ரோல் பங்க் திறப்பவர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் உரிமம் வாங்க வேண்டும்.

இரண்டாவது புள்ளி 1962. இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம் காட்டில் நடும் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் இந்தச் சட்டம்தான் நிற்கிறது.

அசாமில் நாகர்கட்டியா பகுதியில் கச்சா எண்ணெய் கிடைத்தது. அதைக் குவாஹாட்டிக்கும், அங்கிருந்து பீகாரில் உள்ள பரௌனிக்கும் கொண்டுபோக வேண்டும். 1,100 கிலோமீட்டருக்கு மேல் குழாய். வழியில் உள்ள நிலத்தையெல்லாம் விலை கொடுத்து வாங்குவதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். குழாயை மண்ணுக்குள் புதைத்து மூடிவிட்டால் மேலே பயிர் செய்யலாமே, நிலத்தை முழுதாக எதற்கு எடுக்க வேண்டும் என்று யோசித்தார்கள். அப்படி வந்ததுதான் நிலத்தில் 'பயன்பாட்டு உரிமை' எடுக்கும் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம்.

அதன் சாரம் இதுதான். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பட்டாவும் சிட்டாவும் மாறாது. ஆனால் ஒரு பட்டை அகலத்துக்கு மண்ணுக்குள் குழாய் பதிக்கும் உரிமை அரசுக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்துக்குப் போகும். அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். குழாய் பதித்தபின் அந்தப் பட்டையில் குச்சிக்கிழங்கு போடலாம், நிலக்கடலை போடலாம், சோளம் விதைக்கலாம். வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, தொட்டி கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. தென்னையும் மரம்தானே, அதனால் சங்ககிரி மாணவனுக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. பட்டையைத் தாண்டித்தான் வைக்க வேண்டும் தம்பி. பட்டையின் அகலம் எவ்வளவு என்பதை அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணையும் அளவையும் பார்த்து உறுதி செய்துகொள். கல்லை மட்டும் நம்பி அளக்காதே.

இழப்பீடு? வேலை நடக்கும்போது பயிருக்கும் மரத்துக்கும் ஆகும் சேதத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல், நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அந்த மதிப்பும் முதல் அறிவிப்பு வெளியான தேதியில் இருந்த மதிப்பு. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

நிலக்காரருக்குச் சாதகமான இரண்டு வரிகளும் அதில் உண்டு. பலருக்கு இவை தெரிவதில்லை. முதல் அறிவிப்பு வருவதற்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடத்திலும், நிலையான கட்டடம் நிற்கும் இடத்திலும், வீட்டை ஒட்டி வீட்டுக்கென்றே உள்ள இடத்திலும் குழாய் போடக்கூடாது. தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் போடக்கூடாது.

இந்தச் சட்டத்தை முழுக்கப் படித்துவிட்டு எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நிலத்துக்குள் எப்படி நுழைவது, யார் அனுமதி தருவது, எவ்வளவு பணம் கொடுப்பது, நிலக்காரர் என்னென்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. குழாயின் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், யார் வந்து சோதிப்பார், அவர் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது இல்லை. பாதுகாப்புக்காக நிலக்காரர் செய்ய வேண்டியது சட்டத்தில் ஏறிவிட்டது. குழாய்க்காரர் செய்ய வேண்டியதில் அந்த ஒரு மீட்டர் ஆழம்தான் ஏறியது.

அதே அறுபதுகளில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1965 மார்ச் 4 அன்று லூசியானா மாநிலத்தில் நாக்கிடோஷ் என்ற ஊருக்கு அருகே எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். மூன்றே ஆண்டில், 1968-ல், எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புக்கென்றே அந்த நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அங்கேயும் உயிர் போன பிறகுதான் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் குழாயை வைத்திருப்பவரின் கடமையைப் பற்றிப் பேசியது.

பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. ஆய்வாளர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது? 1986 முதல் அங்கே ஒரு முறை வந்தது. எத்தனை மைல் குழாய் வைத்திருக்கிறாயோ அந்தக் கணக்குக்கு நிறுவனம் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் பாதுகாப்பு ஆய்வுக்குப் போகும். மாநிலங்கள் தங்கள் ஆய்வாளர்களை வைத்துக்கொள்ள மத்திய அரசு செலவில் 80 சதவீதம் வரை தரவும் இன்று சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கேயும் அதன் பிறகு விபத்து நடக்காமல் இல்லை. 2010-ல் கலிபோர்னியாவில் சான் புரூனோ என்ற ஊரில் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். ஆனாலும் 'காவலுக்கு யார் காசு கொடுப்பது' என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு நேரடியான பதில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் காலக்கோட்டுக்குத் திரும்புவோம். 1974. எண்ணெய்த் தொழில் வளர்ச்சிச் சட்டம். நம் நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு செஸ் என்ற கூடுதல் வரி போடப்பட்டது. எண்ணெய்த் தொழிலின் வளர்ச்சிக்கு அந்தப் பணம் என்றார்கள். அதற்கென ஒரு வாரியமும் அமைந்தது.

1984 டிசம்பரில் போபால். அந்தக் கொடுமையை நான் எழுத வேண்டியதில்லை. அதன் பிறகு 1986-ல் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் தொடங்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலை, கிடங்கு, குழாய் எல்லாவற்றுக்கும் தரநெறிகளை எழுதியது இந்த அமைப்புதான். நல்ல வேலை செய்தார்கள். ஆனால் இது நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த அமைப்பு இல்லை, அரசுத் தீர்மானத்தால் பிறந்தது. நடத்துவதற்கான பணம் மேலே சொன்ன 1974-ஆம் ஆண்டு வாரியத்திடமிருந்து வருகிறது.

அந்த வாரியத்தின் கணக்கையும் பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் வசூலான செஸ் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். 2016 முதல் அந்த வரி கச்சா எண்ணெய் மதிப்பில் 20 சதவீதம். ஆனால் செஸ் வசூலிலிருந்து வாரியத்தின் கைக்கு வந்தது சுமார் 900 கோடிதான். மீதி அரசின் பொதுக் கணக்கோடு கலந்துவிட்டது. வாரியம் தான் கொடுத்த கடன்களின் வட்டியில் காலம் தள்ளுகிறது. ஒரு வேலைக்கென்று வாங்கிய பணம் அந்த வேலைக்கே போகிறதா என்று பார்ப்பது ஊர்க் கோவில் வரியில் நமக்குப் பழக்கம்தான். நாட்டுக் கணக்கிலும் அதே கண் வேண்டும்.

எண்பதுகளின் பின்பாதியில் குஜராத்தின் ஹஜீராவிலிருந்து வடக்கே உத்தரப் பிரதேசம் வரை பெரிய எரிவாயுக் குழாய் போடப்பட்டது. அதற்காகவே 1984-ல் கெயில் நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. குழாய்கள் பெருகின. 2006-ல்தான் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாரியம் செயல்படத் தொடங்கியது. பாதுகாப்புத் தரங்களை விதியாகப் போடும் அதிகாரம் சட்டப்படி ஒரு தனி வாரியத்துக்குக் கிடைத்தது அப்போதுதான். 2009-ல் இயற்கை எரிவாயுக் குழாய்களுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகள். 2010-ல் அவசரகாலத் திட்டத்துக்கான விதிகள். 2012-ல் குழாயின் உறுதியை ஆயுள் முழுக்கக் கண்காணிப்பதற்கான விதிகள்.

1962-க்கும் 2006-க்கும் நடுவே எத்தனை ஆண்டு? 44. குழாய் போட நிலத்தில் உரிமை எடுக்கும் சட்டத்துக்கும், குழாய்க்காரரைக் கேள்வி கேட்கும் வாரியத்துக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல் இடைவெளி. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இந்த 44-ஐ வையுங்கள்.

இனி நம் பக்கத்து வரலாறு. கொச்சியிலிருந்து பெங்களூருக்கும் மங்களூருக்கும் எரிவாயு கொண்டுபோகும் கெயில் திட்டம். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்கள் வழியாக சுமார் 310 கிலோமீட்டர். 2012, 2013-ல் வேலை வேகமெடுத்தபோது காடுகளில் குழாய்கள் வந்து இறங்கின. விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். நம் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருப்பது இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர். அதன் குறுக்கே ஒரு பட்டை போனால் மீதி இரு துண்டாகிறது. கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். போதாக்குறைக்கு 2011-ல் வந்த திருத்தம் குழாய்ச் சேதத்துக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியிருந்தது. ஏதாவது ஆனால் பழி நம் தலையில் விழுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

2013 மார்ச்சில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். கெயில் நீதிமன்றம் போனது. 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. 1962-ஆம் ஆண்டின் சட்டம் மத்தியச் சட்டம் என்பதுதான் அதன் அடிப்படை. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2016 பிப்ரவரி 2 அன்று அந்த மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் நகரம் நடந்தது. நகரம் என்பது ஒரு ஊரின் பெயர். ஆந்திராவில் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், தென்னந்தோப்புகள் சூழ்ந்த கிராமம். 2014 ஜூன் 27, விடிகாலை. ஊர் வழியாகப் போன கெயில் எரிவாயுக் குழாயில் கசிந்த வாயு ஊரெங்கும் பரவித் தீப்பிடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னைமரங்கள் நின்றபடியே கருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். கசிவு பற்றி முன்பே சொல்லியிருந்தோம் என்று ஊர்க்காரர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள்.

விசாரணையில் தெரிய வந்த காரணம் கவனிக்கத்தக்கது. அது உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாய். அதில் ஈரம் கலந்த வாயு போயிருக்கிறது. நீர் குழாயின் அடியில் தேங்கி, இரும்பை உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வாயுவிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஏற்பாடு சரியாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். ஆண்டைப் பாருங்கள்: 2014. விதிகள் 2009-லேயே வந்துவிட்டன. புத்தகத்தில் விதி இருந்தது, மண்ணுக்குள் குழாய் அரித்துக்கொண்டும் இருந்தது. விதி எழுதுவதற்கு ஒரு மேசை போதும். அது நடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆளும், கருவியும், பணமும் வேண்டும்.

கெயில் என்ற ஒரு நிறுவனத்தை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கச்சா எண்ணெய் கசிந்து வயலில் பரவியது. ஊரே திரண்டது. தடியடி, கைது என்று முடிந்தது. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் மாவட்டம் பட்டினச்சேரி கடற்கரையில் சி.பி.சி.எல். குழாயில் கசிந்த எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் குழாயையே எடுத்துவிடச் சொல்லிப் போராடினார்கள். முன்கூட்டியே வந்து சொல்லும் ஒரு ஆய்வாளரை ஊர் பார்த்திராத இடத்தில், கசிவுக்குப் பிறகு வரும் அதிகாரியை யாரும் நம்பப் போவதில்லை.

குழாயை எப்படிக் கவனிப்பார்கள் என்று எளிமையாகச் சொல்கிறேன். அப்போதுதான் எதைக் கேட்பது என்று தெரியும்.

ஒன்று, வெளிப்புற அரிப்பு. ஈரமண்ணில் இரும்பு துருப்பிடிக்கும். குழாயின் மேல் பூச்சு இருக்கும். அதற்கு மேலும் பாதுகாப்பாகக் குழாயோடு மக்னீசியம் போன்ற உலோகத் துண்டை இணைப்பார்கள். அது தான் கரைந்து குழாயைக் காக்கும். நம் மேக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல்லில் இருக்கும் அதே மக்னீசியம்தான். நீளமான குழாய்களுக்குச் சிறிய அளவில் மின்னோட்டம் கொடுத்து இதே காரியத்தைச் செய்வார்கள்.

இரண்டு, உட்புற அரிப்பு. குழாய்க்குள் ஒரு கருவியை விட்டு வாயுவின் அழுத்தத்தாலேயே தள்ளிக்கொண்டு போவார்கள். 'பிக்' என்பார்கள், அதாவது பன்றிக்குட்டி. சாதாரண பிக் குழாயைச் சுத்தம் செய்யும். உணர்கருவி வைத்த பிக், சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று அளந்துகொண்டு வரும். நகரத்தில் நடந்தது உள்ளிருந்து வந்த அரிப்பு என்பதால் இந்தச் சோதனையின் அருமை புரியும்.

மூன்று, வால்வு. குழாய் உடைந்தால் இரண்டு பக்கமும் மூடினால்தான் வாயு நிற்கும். ஆள் குறைந்த பகுதியில் 32 கிலோமீட்டருக்குள் ஒரு வால்வு இருந்தால் போதும். வீடுகள் கூடக்கூட 24, 16 என்று குறைந்து, அடுக்குமாடிகள் நிறைந்த பகுதியில் 8 கிலோமீட்டராகிறது. குழாயின் வலுவும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் நாமக்கல் மைத்துனருக்கான பதில் இருக்கிறது. குழாய் போட்டபோது அது வெறும் காடு. பத்து வருஷத்தில் பக்கத்தில் மனை பிரித்து, கால்வாய் வெட்டி, நூறு வீடு வந்துவிட்டால், அந்த இடத்தின் வகையே மாறிவிடுகிறது. குழாய்க்காரர் மறுபடி கணக்குப் போட வேண்டும். அதனால் மாமா, பயன்பாட்டு உரிமைப் பட்டைக்குள் மனையின் ஒரு அடி வந்தாலும் வாங்காதீர்கள், அதில் வீடு கட்ட முடியாது. பட்டைக்கு வெளியே என்றால், வில்லங்கச் சான்றும் மனைப்பிரிவு அனுமதியும் மட்டும் பார்த்தால் போதாது. குழாய் நிறுவனத்துக்கு இந்த மனைப்பிரிவு தெரியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஜே.சி.பி. ஓட்டும், ஓட்டவைக்கும் மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வரலாறு. பெல்ஜியம் நாட்டில் கிலாங்கியான் என்ற இடத்தில் 2004 ஜூலை 30 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள், தீயணைப்பு வீரர்கள் உட்பட. சில வாரங்களுக்கு முன் நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் குழாயைக் கீறியிருக்கிறது. அன்று ஒன்றும் ஆகவில்லை. அழுத்தம் கூடிய ஒரு நாளில் அந்தக் கீறல் விட்டுக்கொடுத்தது. 'லேசாத்தான் பட்டுச்சு, மண்ணைத் தள்ளி மூடிட்டேன்' என்று போய்விடாதீர்கள். உடனே சொல்லுங்கள். சொல்வதால் வரும் சத்தம் ஒரு நாள் சத்தம்தான். நம் நாட்டிலும் 2023 மார்ச்சில் 'தோண்டுவதற்கு முன் சொல்லுங்கள்' என்ற பொருளில் ஒரு கைப்பேசிச் செயலியை மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது. குழி தோண்டுமுன் அதில் பதிவு செய்தால் அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவருக்குத் தகவல் போகும்.

அடுத்து கொலுசுப் பட்டறை மாணவனின் கேள்வி. 2018-ல் நடந்த ஏலத்தில் சேலத்தில் நகர எரிவாயு வழங்கும் உரிமை இந்தியன் ஆயிலுக்குக் கிடைத்தது. சிலிண்டரில் இருப்பது காற்றைவிடக் கனமான வாயு. கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வருவது காற்றைவிட லேசான இயற்கை எரிவாயு. சன்னல் திறந்திருந்தால் மேலே போய்விடும். வீட்டுக்குள் அழுத்தமும் மிகக் குறைவு. 2021 நவம்பர் 23 அன்று நம் கருங்கல்பட்டியில் அதிகாலையில் சிலிண்டர் வெடித்து வீடுகள் இடிந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. சாலையில் டேங்கர் போவதும் ஆபத்துதான். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து, சுற்றியுள்ள பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டார்கள். ஆகவே குழாய் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கவனிப்பு இருக்கும்வரை குழாய் நல்லதுதான். சன்னலில்லாத அறைக்குள் பொடி வைத்து ஊதும் பட்டறையில் எந்த வாயுவும் பாதுகாப்பில்லை. முதலில் காற்று வர வழி செய்.

வாசனை பற்றி ஒரு வார்த்தை. இயற்கை எரிவாயுவுக்கு மணமே கிடையாது. நம் மூக்குக்குத் தெரிவது சேர்க்கப்பட்ட மணம். இதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் அடித்தளத்தில் மணமில்லாத வாயு சேர்ந்து வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள், கூடவே ஆசிரியர்கள். செலவைக் குறைக்க எண்ணெய் வயலின் மிச்ச வாயுவைக் குழாய் போட்டு எடுத்துக்கொண்டிருந்த பள்ளி அது. அதன் பிறகுதான் வாயுவில் மணம் சேர்க்கச் சட்டம் வந்தது. அடுப்படியில் அந்த நாற்றம் அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகள் நினைவுதான் வரும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மணம் சேர்ப்பது பொதுவாக ஊருக்குள் விநியோகிக்கும் இடத்தில்தான். காட்டு வழியே போகும் பெரிய குழாயின் வாயுவுக்கு மணம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீறல் சத்தம், காரணமில்லாமல் பறக்கும் புழுதி, ஒரு பட்டையில் மட்டும் வாடும் பயிர், தேங்கிய நீரில் வரும் குமிழி: இவைதான் அங்கே அடையாளம். பார்த்தால் வண்டியைக் கிளப்பாமல், கைப்பேசியை அங்கேயே எடுக்காமல், காற்று வரும் திசை பக்கமாக நடந்து விலகிப் போய் 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். குழாய்க் கல்லில் உள்ள நிறுவன எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். சமையல் கேஸ் கசிவுக்கு 1906.

கடைசியாக, காசு விஷயம். இன்றைய நிலையில் நாக்பூர்த் துறை ஒரு பகுதியைப் பார்க்கிறது, 1986-ஆம் ஆண்டு இயக்ககம் ஒரு பகுதியைப் பார்க்கிறது, 2006-ஆம் ஆண்டு வாரியம் விதி போடுகிறது. வெளி ஆய்வு நிறுவனங்கள் மூலம் சோதிக்க 2015-ல் வாரியம் விதி கொண்டுவந்தது. விபத்து நடந்தால் ஓடி வர வேண்டியவர்கள் மாவட்ட ஆட்சியரும் நம் தீயணைப்பு வீரர்களும். ஆனால் குழாயைச் சோதிக்கும் ஆளும் நிதியும் மாவட்டத்திடம் இல்லை. பொறுப்பு ஒரு இடத்தில், பணம் ஒரு இடத்தில், அதிகாரம் இன்னொரு இடத்தில். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனங்களிடம் வாங்கி, அதை ஆய்வுக்கும், குழாய் போகும் மாவட்டங்களின் தீயணைப்புப் பயிற்சிக்கும் மட்டும் செலவிட்டால் என்ன? நிலத்தைக் கொடுத்த விவசாயிக்கு 10 சதவீதம் என்று 1962-ல் எழுதத் தெரிந்தது. காவலுக்கு எவ்வளவு என்று எழுதவும் தெரிய வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. குழாய் போகும் ஊர்க்காரர்கள் நான்கு கேள்விகளைத் தீர்மானமாகவே போடலாம்.

1. நம் ஊரில் குழாய் எந்த வகை இடமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது? புதிய வீடுகள் அதில் சேர்ந்திருக்கின்றனவா?
2. கடைசியாக உட்புறச் சோதனை நடந்தது எந்த ஆண்டு?
3. இரு பக்கமும் அடுத்த வால்வு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது?
4. ஊர் மக்களை வைத்து ஒத்திகை எப்போது நடந்தது? அடுத்தது எப்போது?

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. கட்டணம் 10 ரூபாய். மனு எழுதத் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். உங்கள் கையெழுத்தைத் திருத்திய பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

காலக்கோட்டில் உள்ள புள்ளிகளைத் திரும்பப் பாருங்கள். 1937, 1965, 1984, 2014. ஒவ்வொன்றிலும் முதலில் உயிர் போயிருக்கிறது. விதியோ, விதியைப் பற்றிய யோசனையோ பிறகுதான் வந்திருக்கிறது. உயிர் போவதற்கு முன் ஒரு ஊர் கேள்வி கேட்டு, அதனால் ஒரு சோதனை நடந்தது என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் ஏதாவது ஒரு ஊராக இருக்கட்டும்.

குழாய் போகும் ஊரில் சொந்தம் உள்ளவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். உங்கள் ஊரில் கண்டதைக் கீழே எழுதுங்கள், அனைத்தையும் படிப்பேன்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் சார்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.